உளுந்து காய்ந்த சாலை

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் விமானம் ஓட்டத் தெரிந்தவர் சுடர்விழி ஒருவர்தான். அவருடைய அப்பா வடிவேல், பஞ்சாலை மூடிய பிறகு ஆட்டோ ஓட்டியவர். விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்த சுடர்விழி லீவில் வரும்போதெல்லாம் டீக்கடையில், “பைலட்டம்மா, நம்ம தெருவுல எப்ப எறக்கப்போற?” என்று சீண்டுவார்கள். “உங்க வண்டியெல்லாம் ஓரமா உடுங்க, நாளைக்கே எறக்குறேன்” என்பார்.

பல வருடம் வெளியூர்களில் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, அவர் தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனியில் பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை அவரே சொன்னார், சாப்பாட்டு இடைவேளைகளில், கொஞ்சம் கொஞ்சமாக.

அது பங்குனி மாதம், நண்பகல். பழுது பார்த்த இரண்டு இருக்கை விமானத்தைத் தனியாகப் பள்ளிக்குத் திருப்பிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். மூவாயிரம் அடி உயரத்தில் எஞ்சின் ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது. மாணவர்களுக்கு நூறு முறை சொல்லிக்கொடுத்ததையே செய்தார். மூக்கைத் தாழ்த்தி, எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து இறங்கும் வேகத்தைப் பிடித்தார். எரிபொருள் டேங்கை மாற்றினார். சாவியைத் திருப்பிப் பார்த்தார். உயிர் வரவில்லை. ரேடியோவில் ஆபத்து என்று அறிவித்துவிட்டு இறங்க இடம் தேடினார். கையில் மூன்று நான்கு நிமிடம் இருந்தது.

ஒரு பக்கம் ஆளுயரக் கரும்பு. இன்னொரு பக்கம் தண்ணீர் கட்டிய நெல்வயல். சேற்றில் சக்கரம் புதைந்தால் விமானம் தலைகுப்புறக் கவிழும். நடுவே நேரான தார்ச்சாலை, மின்கம்பி குறுக்கிடாத சாலை. அதன்மேல் நீளத்துக்கு உளுந்துச் செடியைக் காயப் போட்டிருந்தார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி உளுந்து உதிர்வதற்காக எங்கள் பக்கத்தில் செய்வதுதான். சாலையின் கடைசியில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணைச் சுடர்விழி பார்த்தார்.

வேறு ஊர்க்காரர் என்றால் ஆளைக் கண்டதும் திருப்பியிருப்பார். சுடர்விழி பள்ளி விடுமுறைகளில் அம்மாவின் ஊரில் இதே மாதிரி சாலையில் செடி புரட்டியவர். அந்த வேலையில் யாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. காதுதான் காவல். லாரிச் சத்தம் கேட்டதும் ஒதுங்குவார்கள், போனதும் மறுபடி இறங்குவார்கள். ஒதுங்கிவிடுவார் என்று நம்பி நேராக இறங்கினார். அப்போது நானூறு அடி இருந்தது. வயலுக்குத் திருப்ப அது போதும்.

ஐம்பது அடியில்தான் உறைத்தது, எஞ்சின் ஓடவில்லை என்பது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் கேட்காது. தாண்டிவிடலாம் என்று மூக்கைத் தூக்கினார். வேகம் போதவில்லை. சக்கரம் தட்டியது.

இறந்தவர் பெயர் வீராயி. சுடர்விழிக்கு உதடு மட்டும் கிழிந்தது.

மருத்துவமனையில் வாக்குமூலம் கேட்டபோது, பக்கத்தில் அப்பா நிற்க, ‘சாலையில் ஆள் தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் வீராயியின் மகள் அஞ்சலாட்சி வந்தார். பெரிய மார்க்கெட்டில் கீரை விற்பவர். சுடர்விழியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இன்னா பண்ணுவ பாப்பா, கண்ணுக்குத் தெரிஞ்சா மேல ஏத்துவியா?” என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதம் உயிரோடு இருந்ததாகச் சுடர்விழி சொன்னார். அதே சொல்தான் அவரைச் சாப்பிட விடாமலும் செய்தது.

எஞ்சினுக்குள் ஒரு பாகம் உடைந்ததுதான் காரணம், விமானி சரியாகவே செயல்பட்டார் என்று எட்டாம் மாதம் விசாரணை முடிந்தது. பள்ளியில் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். மறுநாள் காலை சுடர்விழி மார்க்கெட்டுக்குப் போய்க் கீரைக்கட்டுகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அக்கா, நான் பாத்தேன்.”

“இன்னாத்த?”

“உங்கம்மாவ. தூரத்துலயே பாத்துட்டேன். சத்தம் கேட்டு ஒதுங்கிடுவாங்கன்னு நெனச்சேன். எஞ்சின் நின்னா சத்தம் இருக்காதுன்னு அப்ப தோணல.”

அஞ்சலாட்சி கொஞ்ச நேரம் கீரைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வேறு பக்கம் போயிருக்க முடியுமா என்று கேட்டார். வயலில் இறக்கியிருக்கலாம், கவிழ்ந்திருக்கும், நான் பிழைத்திருப்பேனா தெரியாது என்று சுடர்விழி சொன்னார். நடுவில் ஒருவர் முருங்கைக்கீரை கேட்டார். அஞ்சலாட்சி எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

“எங்கண்ணன் கேஸ் போடறேன்னு நின்னான். அந்தப் பொண்ணு பாக்கலன்னு அவன் கால்ல உழுந்து நிறுத்தினேன்” என்றார். பிறகு, “எழுந்து போ. உன்ன ஒண்ணும் பண்ணமாட்டேன். எங்கம்மாவ பத்தி இனிமே நீ வாயத் தொறக்காத.”

சுடர்விழி வாக்குமூலத்தைத் திருத்தி விசாரணை அலுவலகத்துக்கு எழுதினார். கோப்பில் சேர்க்கப்பட்டது, முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. பள்ளியின் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினார். அலுவலகத்தின் பதிலை எடுத்துக்கொண்டு, பேசக்கூட வேண்டாம், காட்டிவிட்டாவது வரலாம் என்று மறுபடி மார்க்கெட்டுக்குப் போனார்.

அந்த இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். அஞ்சலாட்சி இங்கே வருவதை விட்டுவிட்டு வேறு ஊர் மார்க்கெட்டுக்குப் போவதாக அந்தப் பெண் சொன்னார். எந்த ஊர் என்று சுடர்விழி கேட்டார். சுடர்விழியின் பெயரைக் கேட்டுக்கொண்டு, இந்தப் பெயரில் யாராவது வந்தால் ஊரைச் சொல்லக் கூடாது என்று அஞ்சலாட்சி சொல்லியிருக்கிறார் என்றார் அந்தப் பெண்.