அவளிடம் என் பெயரைக் கேட்டார்கள்

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் என் மனைவி என் பெயரை வாயால் சொன்னதே இல்லை. ஊரில் அவள் காலத்துப் பெண்களுக்கு அது பழக்கம். அவளுக்கு நான் ‘இஞ்சாருங்கோ’. சிட்னிக்கு வந்தும் மாறவில்லை. போனில் யாராவது கணவரின் பெயரைக் கேட்டால் போனை என் கையில் திணித்துவிட்டுக் சமையலைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள். நாங்கள் இருக்கும் செவன் ஹில்ஸில் நான் இதைச் சொல்லிச் சிரிக்காத வீடே கிடையாது.

போன குளிர்காலத்தில் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. சின்னதுதான் என்றார்கள். என் சிரிப்பு அன்றோடு அடங்கிவிட்டது.

அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்காரத் தொடங்கியதும் ஒரு இளம் டொக்டர் ஞாபகத்தைச் சோதிக்க வந்தார். அவர் கேட்பதை மகள் தமிழில் சொன்னாள். என்ன மாதம்? “தை” என்றாள் மனைவி. வெளியே ஜூலைக் குளிர் நடுக்கிக்கொண்டிருந்தது. எந்த ஊர்? கொஞ்சம் யோசித்து, “சிட்னி” என்றாள். பிறகு டொக்டர் என்னைக் காட்டி, இவரின் பெயர் என்ன என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள்.

“அம்மா, ப்ளீஸ், சொல்லுங்கோ,” என்று மகள் கெஞ்சினாள்.

எங்கள் பழக்கத்தை மகள் டொக்டருக்கு விளக்கினாள். அவர் மரியாதையாகத் தலையாட்டினாலும் நம்பியதாகத் தெரியவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லையே! இது வெட்கமா, மறதியா? நான் யாரென்றே அவளுக்குத் தெரியாமல் போய்விட்டதா? பெயரோடு ஒரு ‘டேய்’ சேர்த்துக் கூப்பிட்டிருந்தாலும் அன்றைக்குச் சந்தோசப்பட்டிருப்பேன்.

கேட்டவுடன் வராத ஞாபகம் வேறொன்றைக் கண்டால் தானாக வரலாம் என்று சொல்லிவிட்டு டொக்டர் போனார். அது எனக்குத் தெரிந்ததுதான். கராஜுக்குப் போய், எதற்கு வந்தேன் என்று முழிப்பேன். குசினிக்குத் திரும்பி ஒழுகுகிற பைப்பைக் கண்டதும்தான் குறடு எடுக்கப் போனது நினைவு வரும். “பைப்பையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே,” என்று அவள் நக்கலடிப்பாள். அந்த நக்கலுக்கு மனம் ஏங்கியது.

மத்தியானம் சாப்பாடு வந்தது. அவள் பாதி சாப்பிட்டுத் தள்ளிவைத்தாள். நான் ஏதோ யோசனையில் தட்டிலிருந்த இனிப்புக் கஸ்டர்டைத் திறந்து, ஒரு கரண்டி அள்ளி வாயருகே கொண்டுபோனேன்.

“இஞ்சாருங்கோ!” குரல் குழறியது, அதட்டல் மட்டும் பழைய அதட்டல். “உங்களுக்கெல்லோ சீனி வருத்தம்! வையுங்கோ அதை.”

வைத்துவிட்டேன். வைத்துவிட்டு அழுதேன். மகளும் அழுதாள்.

“ஒரு கஸ்டர்டுக்கு ஏன் இந்த அழுகை?” என்றாள் அவள்.

பின்னேரம் டொக்டர் திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்டார். அவள் மகளின் பக்கம் திரும்பி, என்னைக் காட்டி, “ஏன், அவருக்கு வாய் இல்லையே? அவரையே கேக்கச் சொல்லு,” என்றாள்.

நான் என் பெயரைச் சொன்னேன். அவள் போர்வை ஓரத்தைத் திருகியபடி புதுப்பெண்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஓம்,” என்று தலையாட்டினாள். “அதுதான்.”