இறக்கியாச்சு

ஆண்டவருக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே, இதை எழுத எனக்குச் சில வருஷங்கள் பிடித்துவிட்டன. தாளை எடுப்பேன், தலைப்பில் ஸ்தோத்திரம் என்று எழுதுவேன், அதற்கு மேல் கை ஓடாது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் கேட்டது ஒன்று, ஆண்டவர் தந்தது வேறொன்று. இதை ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று சொல்லலாமா என்று எனக்கே துணிவில்லை. அதற்குள் நான் சொல்லாத ஒரு சாட்சி எனக்கு முன்னால் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கொட்டாரம். என் கணவர் கிறிஸ்துதாஸ் ஹெலிகாப்டர் மெக்கானிக். ஐ.டி.ஐ. முடித்து வளைகுடாவில் வேலை பழகி, அங்கிருந்து கனடாவுக்குப் போனவர். அவர் இருந்த இடம் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. கண்ணுக்கெட்டிய தூரம் செர்ரிப் பழத் தோட்டங்கள். பழம் பழுக்கிற சமயத்தில் மழை பெய்தால், மேலே நிற்கிற தண்ணீரைக் குடித்துப் பழம் வெடித்துப்போகுமாம். அதனால் மழை விட்டதும் ஹெலிகாப்டரை மரத்துக்கு மேலே தாழ்வாக நிறுத்தி, அந்தக் காற்றால் தண்ணீரை உதறுவார்கள். முதலில் கேட்டபோது என்னைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

அந்த வேலைக்குப் புது ஹெலிகாப்டர் கட்டுப்படியாகாது. பெட்ரோலில் ஓடுகிற பழைய பிஸ்டன் எஞ்சின் ஹெலிகாப்டர்கள்தான். முன்பக்கம் மீன்தொட்டியைக் கவிழ்த்த மாதிரி கண்ணாடி. பின்பக்கம் மூடாத வெறும் கம்பிக்கூடு. "எங்க அப்பாக்க வயசு இருக்கும் இதுக்கு" என்று போட்டோ அனுப்பினார். அவர் பழுது பார்ப்பார், வேறு ஆட்கள் ஓட்டுவார்கள். அதுவரை எனக்கு நிம்மதிதான்.

அப்புறம் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேரும் பெரிய ஹெலிகாப்டர் தேடி வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். முதலாளி இவரைக் கூப்பிட்டு, இதன் உள்ளும் புறமும் உனக்குத்தான் தெரியும், நீயே ஓட்டப் பழகு, பயிற்சிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றார். ஹெலிகாப்டர் பறக்காவிட்டால் மெக்கானிக்குக்கும் வேலை இல்லை. அங்கே வேலை செய்ய இவருக்குக் கிடைத்த பெர்மிட் அந்தக் கம்பெனியின் பேரில்தான். சரி என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகு எனக்குப் போன் பண்ணினார். குரலிலேயே பயம் தெரிந்தது.

"நீங்க எதுக்கு பேடிக்கிய? உங்களுக்குத்தான் அதப்பத்தி எல்லாந் தெரியும்லா" என்றேன்.

"அதுக்குள்ள எத்தன நட்டு இருக்குன்னு தெரியும், ஏட்டி. அதான் பேடி."

அன்றைக்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஹெலிகாப்டரில் ஏறும் முன்னே எனக்கு "ஏறுதேன்" என்று ஒரு மெசேஜ். தரைக்கு வந்ததும் "இறங்கியாச்சு" என்று ஒன்று. வேறு எதுவும் எழுத வேண்டாம். அங்கே விடிகிற நேரம் நமக்கு அந்தி. விளக்கு போடுகிற நேரத்தில் முதல் மெசேஜ் வரும். அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவில் நான் மூச்சு விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. முழங்காலில் நின்று இரண்டு கையையும் உயர்த்தி ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, எஞ்சின் நின்றுபோகக் கூடாது. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்துகிற ரூபி அக்காவும் இதையே ஜெபக்குறிப்பாக எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒருநாள் பேச்சுவாக்கில் அவரிடம் இதைச் சொன்னேன். அவர் தடுத்தார்.

"அப்பிடி ஜெபிக்காத, கேட்டியா. அவ தெனமும் நிப்பாட்டுதா."

"யாரு?"

"எனக்குச் சொல்லித் தாறவ. கேத்தி. மேல கொண்டு போயி, சொல்லாம கொள்ளாம எஞ்சின அடக்கிப் போடுதா."

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்குமாம். பயிற்சியே அதுதானாம். எஞ்சின் நின்றாலும் மேலே உள்ள விசிறி உடனே நிற்காது. இடது கைப்பக்கம் ஒரு கம்பி உண்டு. அதைத் தூக்கினால் ஹெலிகாப்டர் ஏறும், தாழ்த்தினால் இறங்கும். எஞ்சின் சத்தம் போனதும் அதைச் சட்டென்று தாழ்த்திவிட வேண்டும். தாழ்த்தினால், கீழிருந்து வருகிற காற்றே விசிறியைச் சுற்ற வைக்கும். தரைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் கம்பியைத் தூக்கி மெதுவாக அமர்த்த வேண்டும். முன்னாலேயே தூக்கினால் விசிறியின் சுற்று தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இவருக்கு அதுதான் வரவில்லை. சத்தம் அடங்கியதும் கை மேலே இழுத்தது. ஒவ்வொரு தடவையும் கேத்தி தன் பக்கத்துக் கம்பியைப் பிடித்து அமுக்கித்தான் காப்பாற்றினாள்.

"கீழ விழப்போறோம்னா எவனாவது கையத் தாழ்த்துவானா? மனுசன் மேலதான இழுப்பான்" என்று அழுதார். என் கணவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீடியோ காலில் எங்கள் வீட்டு ஃபேனைக் காட்டச் சொல்லி எனக்கும் விளக்கினார். "மேல பாரு. கரண்டு போனா இது ஒடனே நிக்குதா? அந்தச் சுத்து தீருறதுக்குள்ள கை கீழ போவணும். அவ்வளவுதான் படிப்பு." அவ்வளவுதான். ஆனால் அது வரவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன், பிறகும் கை மேலே போனால் தனியாகப் பறக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கேத்தி சொல்லிவிட்டாளாம்.

அந்த வாரத்தை எப்படிச் சொல்வது? அவர் தோற்றுப்போகட்டும் என்று கேட்கவா? தோற்றால் உயிரோடு வீட்டுக்கு வருவார், ஆனால் தலை குனிந்து வருவார். ஜெயிக்கட்டும் என்று கேட்கவா? ஜெயித்தால் தனியாக ஏறுவார், பக்கத்தில் கம்பியை அமுக்க ஆள் இருக்காது. எதைக் கேட்டாலும் பயமாக இருந்தது. நான் இருக்கிற இடத்திலிருந்து அந்தக் கைக்கு ஒரு உதவியும் செய்ய முடியாது. அரிசி கழுவும்போதுகூட என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முடிவில் ஜெபத்தைச் சுருக்கிவிட்டேன். ஆண்டவரே, அவர் கை தாழட்டும். வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை. அவரும் தங்கியிருந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, துடைப்பக் கம்பை இடது பக்கம் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு தாழ்த்தித் தாழ்த்திப் பழகினார். இங்கே எனக்கும் அது தொற்றிக்கொண்டது. கரண்டு போகும்போதெல்லாம் என் இடது கை தானாகத் தாழும். ஒருநாள் தோசை சுடும்போது கரண்டு போய், கையிலிருந்த மாவுப் பாத்திரத்தைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டேன். என் மகள் ஷைனி, "அம்மா, நீ லேண்ட் ஆயிட்டியா? இனி தோச தாறியா?" என்று கேட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குச் சிரித்தோம்.

அந்த வாரக் கடைசியில் மெசேஜ் வந்தது. "இறங்கியாச்சு. கை போச்சு." பதறி அழைத்தேன். கைக்கு ஒன்றும் இல்லை, கை கீழே போச்சு என்றுதான் எழுதியிருக்கிறார். இப்படி எழுதினால் பெண்டாட்டி செத்துப்போவாள் என்று திட்டினேன்.

மற்றப் பரீட்சைகளும் முடிந்து, அடுத்த செர்ரிக் காலத்தில் அவர் தனியாக ஏறத் தொடங்கினார். ஊரில் எல்லாரும் மழைக்கு ஜெபிக்கும்போது நான் ஒரு மூலையில் கனடாவுக்கு மட்டும் வேண்டாம் ஆண்டவரே என்று சேர்த்துக்கொள்வேன்.

அப்படி ஒரு அந்திநேரம். எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு தொடங்கும் முன்னே "ஏறுதேன்" வந்துவிட்டது. ரூபி அக்கா ஜெபத்தை நடத்தினார்கள், எல்லாரும் கைகளை உயர்த்தியிருந்தோம். நடுவில் கரண்டு போனது. இருட்டில் தலைக்கு மேல் ஃபேன் மெல்ல மெல்லச் சத்தம் குறைவது கேட்டது. என் இடது கை தாழ்ந்தது. தாழ்ந்து தரையைத் தொட்டு, அங்கேயே அழுந்தி நின்றது. எடுக்க முடியவில்லை. நானும் அதோடு குனிந்துவிட்டேன். யாரோ டார்ச் அடித்தார்கள். மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"என்னட்டி ஸ்டெல்லா, தல சுத்துதா?" என்றார்கள் ரூபி அக்கா.

"இல்லக்கா. அவருக்க கை."

"எந்தக் கை?"

நான் இருட்டில் போனைத் தேடினேன்.

கூட்டம் முடிந்தது. கரண்டும் வந்தது. வழக்கமாக வருகிற நேரத்துக்கு இரண்டாவது மெசேஜ் வரவில்லை. நான் "இறங்கியாச்சா" என்று அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவில்லை. கூப்பிட்டால் போன் எடுக்கவில்லை, அடிக்கவே இல்லை. கம்பெனி நம்பரில் யாரோ இங்கிலீஷில் வேகமாகப் பேசினார்கள். ஷைனி கேட்டுவிட்டு, "அவங்களும் தேடிட்டுதான் இருக்காங்கம்மா" என்றாள். எல்லாரும் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். ரூபி அக்கா மட்டும் போகவில்லை. சாயா கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணும் வராது மக்கா" என்றார்கள்.

"வந்தா?"

"வந்தா நானும் இங்கதான் இருப்பேன்" என்றார்கள்.

எனக்கு ஜெபம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு வார்த்தைகூட வரவில்லை. இத்தனை வருஷம் ஆலயத்துக்குப் போனவள், அந்த நேரத்தில் என்னிடம் ஆண்டவர் என்ற சொல்கூட இல்லை. இடது கையைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அப்புறம் போன் ஒரு தடவை அதிர்ந்தது. எடுக்கப் பயந்து ஷைனியிடம் நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா தப்பா எழுதியிருக்காங்க" என்று அழத் தொடங்கினாள். வாங்கிப் பார்த்தேன். "இறக்கியாச்சு" என்று இருந்தது.

பிறகு அவரே கூப்பிட்டார். ராத்திரி முழுக்க அங்கே மழையாம். விடியும்போது ஈரக் குளிரில் தோட்டத்துக்குப் பறந்திருக்கிறார். அந்தப் பழைய எஞ்சின்களில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டருக்குள் ஐஸ் கட்டிக் காற்றின் வழியை அடைத்துவிடுவது உண்டு. அதை உருக்கச் சூட்டைத் திறக்கிற கம்பியை இழுத்தாராம், நேரம் கடந்திருந்தது. எஞ்சின் நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையில் கேத்தி இல்லை. புல் அறுத்த ஒரு வயலில் வந்து அமர்ந்தார். காலாக இருக்கிற கம்பிகளில் ஒன்று வளைந்தது. இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அங்கே சிக்னல் கிடையாது. ஈரத்தில் நடந்து ஒரு வீட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் எனக்கு எழுத முடிந்திருக்கிறது.

"கையத் தாழ்த்தினியளா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது, ஏட்டி. நான் பாக்கும்போ அது கீழ கெடந்துது."



கரண்டு போனதும் எஞ்சின் நின்றதும் ஒரே நிமிஷம் என்று நான் சொல்லமாட்டேன். நான் மணி பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. கேத்தியிடம் கேட்டால் எல்லாம் பழக்கம் என்பாள். நான் மறுக்கவில்லை. தினமும் எஞ்சினை நிறுத்துகிறாள் என்று நான் மனதுக்குள் சபித்த பெண் அவள். அவளை அனுப்பியதும் ஆண்டவர்தான் என்று இப்போது நம்புகிறேன். ஆலயத்தில் என் குடும்பத்தாரின் பெயர்களோடு அவள் பெயரையும் சேர்த்துச் சொல்லி ஜெபிக்கிறேன்.

அவர் இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறார். இன்றும் பயம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் என் ஜெபம் மாறிவிட்டது. முன்பு எதுவுமே நின்றுபோகக் கூடாது என்று கேட்பேன். இப்போது, நிற்கும்போது எங்கள் கை தாழட்டும் என்று கேட்கிறேன். முழங்காலில் நின்றால் முதலில் கையைத் தரையில் வைக்கிறேன். உயர்த்துவது கடைசியில்தான். உங்களில் யாருக்காவது எஞ்சின் நின்றுபோன மாதிரி ஒரு நேரம் வந்திருந்தால், வார்த்தை வராவிட்டால், அதற்காகக் கலங்காதீர்கள். எனக்கும் வரவில்லை. கையைத் தாழ்த்தி ஆண்டவர் முன்னால் இருங்கள். அவர் பார்த்துக்கொள்வார்.

ஒரு வேண்டுகோள். தூதன் வந்து ஹெலிகாப்டரின் இறக்கையைத் தாங்கினான் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்களாம். இன்னொரு இடத்தில் எஞ்சின் நிற்கவே இல்லை என்று சொன்னார்களாம். அன்பினால் சொன்னதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தூதனை நாங்கள் பார்க்கவில்லை. எஞ்சின் நின்றது. இதைப் பிறருக்குச் சொல்ல விரும்புகிறவர்கள், நான் எழுதியபடியே கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அந்த மெசேஜில் எழுத்துப்பிழை என்று நினைத்து யாரும் திருத்திவிடவும் வேண்டாம். கை நடுக்கத்தில் அப்படி விழுந்ததா, அப்படித்தான் எழுத நினைத்தாரா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். அவருக்கே தெரியவில்லை. இறக்கியாச்சு என்றுதான் இருக்கிறது. யார் இறக்கினது என்று அந்த வார்த்தையில் இல்லை. அதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.