ஜப்பானிலிருந்து கொண்டுவந்த கதிரை

நான் ஒரேயொரு தடவைதான் வெளிநாடு போயிருக்கிறேன். அதுவும் என் திறமையைக் கண்டு யாரும் அனுப்பவில்லை. கண்டியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடும் ஒரு பிரதேச சபையில் கடிதம் எழுதும் லிகிதராக இருந்தேன். சபையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்னும் அங்கே வேலை பார்ப்பவர்கள் என்னைப் பஸ்ஸில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஜப்பானில் உள்ளூராட்சிப் பயிற்சி, மூன்று வாரம், ஓர் ஆள் என்று கடிதம் வந்தது. சபைத் தலைவரான தவிசாளர் தானே போகவேண்டும் என்றார். அது உத்தியோகத்தர்களுக்கு மட்டும் என்றார் செயலாளர். இரண்டு பேரும் கடுதாசி மேல் கடுதாசி எழுதி, கடைசி நாளுக்கு முந்தின நாள், மற்றவர் போகாவிட்டால் சரி என்ற ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமைப்பட்டார்கள். யாருக்கும் பொறாமை வரமுடியாத ஆள் யார் என்று தேடியபோது மூலையில் நான் இருந்தேன்.

அப்போது என் பொறுப்பில் இருந்த கடுதாசிக் கோவைகளில் ஒன்று ஒரு பாலத்தைப் பற்றியது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் கொடுத்த விண்ணப்பம். அவர்கள் குடியிருந்த லய வீட்டு வரிசைக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. அதன்மேல் இரண்டு கித்துள் மரத்தைப் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் மரம் தண்ணீருக்கு அடியில் போய்விடும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டார்கள். அந்தப் பெண்ணின் மகளுக்கு டிசம்பரில் அரசாங்கம் வைக்கும் சாதாரண தரப் பரீட்சை. டிசம்பர் என்றால் எங்கள் பக்கம் மழை. பரீட்சை நாளில் ஓடை பெருகினால் அந்தப் பிள்ளையின் பதினொரு வருடப் படிப்பும் கரையிலேயே நின்றுவிடும். தாய்க்காரி மூன்று தடவை வந்துவிட்டாள். மூன்று தடவையும் ஆறு மேசைகளுக்கு முன்னால் நின்று, ஆறு பேரிடமும் "ஹெட்ட எண்ட" வாங்கிக்கொண்டு போனாள். நாளைக்கு வா என்று அர்த்தம். எங்கள் சபைக் கந்தோரில் சிங்களம் தெரியாதவர்களுக்கும் முதலில் புரிகிற வார்த்தை அதுதான்.

நான் போன ஊர் ஜப்பானில் ஒரு மாகாணத்தின் தலைநகர். கண்டியும் மாகாணத் தலைநகர்தானே, என்ன பெரிய வித்தியாசம் இருக்கப்போகிறது என்ற நினைப்போடுதான் போனேன். ஊருக்கு நடுவே ஒரு பழைய கோட்டை, சுற்றி அகழி. அகழிக்கு இந்தப் பக்கம் மாகாணக் கந்தோர், அந்தப் பக்கம் நகரக் கந்தோர். எது யாருடைய வேலை என்று அங்கே யாரும் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. ரோட்டில் சாக்கடைக் கான் மூடியைக் குனிந்து பார்த்தால்கூட அதில் நகரத்தின் சின்னம் வார்த்திருக்கும். எங்கள் பக்கம் ஒரு கான் உடைந்தால், அது தன்னுடையது இல்லை என்று நிரூபிக்க மூன்று கந்தோர்கள் வரைபடத்தோடு வரும்.

முத்திரை விஷயத்தில் மட்டும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. ஒரு தாளில் வரிசையாகப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு சிவப்பு வட்ட முத்திரை, சின்னவரிலிருந்து பெரியவர் வரைக்கும். அட, நம்மாட்கள் இங்கேயும் இருக்கிறார்களே என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க விளக்கை அணைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு பெட்டிச் சோற்றைத் திறந்துவைத்துக்கொண்டு அரை இருட்டில் சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் பேசக்கூடாது என்றால் எங்கள் கந்தோரில் பாதிப் பேர் இடமாற்றம் கேட்டிருப்பார்கள்.

இரண்டாவது வாரம், பல நாடுகளிலிருந்து பயிற்சிக்கு வந்த எங்களை நகரக் கந்தோரில் பொதுமக்கள் வருகிற தளத்தில் உட்காரவைத்தார்கள். வேறு ஊரிலிருந்து குடிவந்த ஒரு கிழவர் ஊன்றுகோலோடு வந்தார். ஒரு பெண் எழுந்துபோய் அவரைக் கதிரையில் உட்காரவைத்தாள். பதிவுக்காரர் அவரிடம் வந்தார். அவர் போனதும் மருத்துவக் காப்புறுதிக்காரர் வந்தார். பிறகு வரிக்காரர், பிறகு குப்பை எந்த நாளில் வைக்கவேண்டும் என்று சொல்கிறவர். கிழவர் அசையவில்லை, கந்தோர்தான் அவரிடம் நடந்து வந்தது. மற்ற நாட்டுக்காரர்கள் படம் எடுத்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. இதற்குக் கம்பியூட்டர் வேண்டாம், கடன் வேண்டாம், உலக வங்கி வேண்டாம். ஒரு கதிரையும், எழுந்து நடக்க இரண்டு காலும் போதும். அது எங்களிடம் இல்லாமல் போனது எப்படி?

பயிற்சி முடிவில், உங்கள் ஊருக்குப் போய் என்ன மாற்றம் செய்வீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் குப்பை மலையை மின்சாரமாக்குவது, ஆற்றைச் சுத்தமாக்குவது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். நான் எழுதியது, ஒரு கதிரை வைப்பேன். பயிற்சி கொடுத்த அதிகாரி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, மெதுவாகத் தலையைக் குனிந்தார். பாராட்டா அனுதாபமா என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு கதிரை வைக்க எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. கதிரை எந்தப் பிரிவின் இருப்புப் பதிவேட்டில் வரும் என்று முதல் கேள்வி. பொதுமக்கள் உட்கார்ந்து உடைத்தால் யார் பொறுப்பு என்று இரண்டாவது கேள்வி. கழித்து ஒதுக்கிய சாமான் அறையிலிருந்து ஒரு கை இல்லாத கதிரை ஒன்றைக் கடைசியில் கொடுத்தார்கள். வைத்த அன்றே தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதில் தன் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை வைத்தார். அடுத்த நாள் யாரோ பழைய கோவைகளை அடுக்கினார்கள். எனக்கு 'ஜப்பான் நோனா', அதாவது ஜப்பான் சீமாட்டி, என்று பெயர் வந்தது. எல்லாவற்றையும் விட என்னைக் கொதிக்கவைத்தவர்கள் பொதுமக்கள்தான். ஒருத்தரும் உட்காரமாட்டேன் என்றார்கள். "பரவாயில்லீங்க, நிக்கிறேங்க" என்று கதிரைக்குப் பக்கத்திலேயே நின்றார்கள்.

அக்டோபர் கடைசியில் அந்தத் தாய்க்காரி நான்காவது தடவையாக வந்தாள். ஒரு நாள் பெயரையும் கூலியையும் விட்டுவிட்டு வந்திருந்தாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது, கால் முழுக்கச் சேறு.

"உட்காருங்க," என்றேன்.

"வேணாங்கம்மா, சேறு பட்டுரும்."

"பட்டா தொடைச்சிக்கலாம். உட்காருங்கன்னா உட்காருங்க!"

நான் கத்தியதில் கந்தோரே திரும்பிப் பார்த்தது. அவள் பயந்துபோய் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் கோவையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். கடிதப் பதிவு மேசையில் நின்றேன், இலக்கம் போடும்வரை அசையவில்லை. வேலைப் பகுதி லிகிதர் தேநீர் குடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்றார். குடியுங்கள், நிற்கிறேன் என்று சொல்லிக் குடித்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாதிக் கோப்பையில் குறிப்பு எழுதிவிட்டார். அடுத்தது தொழில்நுட்ப உத்தியோகத்தர். வழக்கமாக அவர் 'இடத்தைப் பார்வையிட வேண்டும்' என்று எழுதுவார், பிறகு கோவை ஆறு மாதத்துக்கு அவருடைய அலுமாரியில் படுத்துக்கொள்ளும். இன்றைக்கு நான் தலைமாட்டில் நின்றேன்.

"மேக வத்து இடம்னே நோனா," என்றார். இது தோட்டத்துக் காணியாயிற்றே என்று அர்த்தம்.

"எதுவானாலும் இப்போதே எழுதுங்கள். ஒரு மனுஷி உட்கார்ந்து காத்திருக்கிறாள்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு வரி எழுதினார். எனக்கு இருந்த வேகத்தில் அதை வாசிக்கவில்லை. பிரதம லிகிதரின் மேசைக்குப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது, கோபமே வராத மனிதர். அவர் அந்த இரண்டு வரியை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உமக்கென்ன விசரே பிள்ளை?" பைத்தியமா என்று அர்த்தம்.

நான் கோவையைத் திருப்பிப் பார்த்தேன். தோட்டக் காணிக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்காது, விண்ணப்பத்தை நிராகரிக்கலாம் என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்துச் சட்டம் அப்படித்தான். தோட்டத்து மக்கள் வாக்குப் போடலாம், ஆனால் அவர்களுடைய பாதையில் சபை ஒரு கூடை கல்லும் கொட்டமுடியாது. எனக்கு அது தெரியாதா? எத்தனையோ கடிதத்தில் நானே தட்டச்சு அடித்திருக்கிறேன். ஜப்பான் மயக்கத்தில், கோவை வேகமாக ஓடினால் பாலமும் வந்துவிடும் என்று என் புத்தி நம்பிவிட்டது.

"நான் ஏன் இதைப் பிந்திப் பிந்தி வைச்சிருந்தனான் எண்டு நினைச்சனீர்?" என்றார் அவர். "படுத்திருக்கிற கோவைக்கு இல்லை எண்ட மறுமொழி இல்லை. தேர்தல் வரப்போகுது. எவனாவது ஒரு எம்.பி. தன்ர நிதியில ஒரு பாலத்தைப் போட்டுத் தன்ர பேரில கல்லு நட்டிருப்பான். அப்ப சட்டத்தை ஒருத்தரும் விரிச்சுப் பாக்கமாட்டினம். இப்ப எழுத்தில நிராகரிப்பு விழுந்திட்டுது. இனி ஆர் கை வைப்பினம்?"

"அதை நீங்கள் முதலிலேயே எனக்குச் சொல்லியிருக்கலாமே!"

"இதெல்லாம் சொல்லிக் குடுக்கிற விசயமே?"

அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பதினெட்டு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம். தூங்கும் கோவைகளில் சோம்பேறித்தனம் எது, இரக்கம் எது என்று ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. வெளியே இருந்து பார்க்கிற எவருக்கும் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அந்த ஜப்பான் கிழவருக்கு நாலு பேர் கொண்டுவந்து கொடுத்தது நாலு 'ஆம்'. எங்களிடம் கொடுக்க இருந்தது 'இல்லை' மட்டும். அதை இத்தனை நாளும் மெதுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

செயலாளரும் தவிசாளரும் அன்றைக்கென்று கந்தோரில் இருந்தார்கள். இரண்டு கையெழுத்தும் ஐந்து நிமிடத்தில் கிடைத்தன. எல்லாமாக முக்கால் மணித்தியாலம். எங்கள் சபையின் சரித்திரத்தில் அவ்வளவு வேகமாக ஒரு காரியம் நடந்ததில்லை.

அவள் அதே விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து கடிதத்தை வாசித்து விளங்கப்படுத்தினேன். அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள்.

"ஆறு மாசம் கழிச்சிச் சொல்லியிருந்தீங்கன்னா, அதுக்குள்ள புள்ள சோதனைய எழுதி முடிச்சிருக்கும். பாலம் வரும் வரும்னு சொல்லித்தான் படிக்க வச்சிக்கிட்டிருக்கேன். இப்ப வீட்டுக்குப் போயி என்னத்தம்மா சொல்லுறது?"

கந்தோருக்குப் பக்கத்தில்தான் வாடகைக்கு வீடு எடுத்திருந்தேன். கண்டியில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சனி ஞாயிறில்தான் போவேன். பரீட்சை மண்டபமும் அதே கடைத்தெருவில். யோசிக்காமல் சொன்னேன், சந்தோஷமாகவும் சொன்னேன்.

"மகளை எங்க வீட்டுக்கு அனுப்புங்க. சோதனை முடியிற வரைக்கும் எங்கூட இருக்கட்டும். பின் அறை சும்மாதான் கிடக்கு. மழை பெஞ்சாலும் வெள்ளம் வந்தாலும் நான் கூட்டிட்டுப் போய் விடுறேன். நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க."

அவள் எழுந்தாள். முந்தானையால் கதிரையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள். வேண்டாம் விடுங்கள் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தாள்.

"ஒங்களுக்கு நல்ல மனசும்மா. எம்புள்ளய வச்சிக்குவீங்க. எங்க லயத்துல இன்னும் நாலு புள்ளைக சோதன எழுதுதுங்க. அதுகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"