டிவியில் காட்டாதது

ஸ்கூட்டர் பட்டறைக்கு வருகிறவர்கள் அவரை ‘டூர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நம் கிரிக்கெட் அணி வெளிநாட்டுக்கு ஆடப் போனால், கிரீஸ் கறை போகாத கையோடு அவரும் பின்னாலேயே கிளம்பிவிடுவார். பட்டறையில் பாதி அவருடையது, பாதி அண்ணனுடையது. தம்பி இல்லாத நாட்களில் அண்ணன் ஒற்றை ஆளாக எஞ்சினைப் பிரித்து மாட்டுவார்.

“வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும். ரெண்டு பேரும் போயிட்டா யாருய்யா பிளக் மாத்துறது?” என்பார்.

அதற்கு அண்ணன் கேட்ட கூலி ஒன்றுதான். ஆட்டம் முடிந்ததும் தம்பி போனில் பேச வேண்டும். “ஸ்கோரைச் சொல்லாதே, அது எனக்கே தெரியும். டிவில காட்டாததைச் சொல்லு.” எல்லைக்கோட்டில் நின்றவன் யாரும் பார்க்காதபோது ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்த்தது, அவுட்டாகிப் போனவன் படியில் தடுக்கியது, மழைக்கு முன் புல்லின் நிறம் மாறியது என்று தம்பி சொல்லிக்கொண்டே போவார். அண்ணன் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருப்பார்.

இந்த முறை அண்ணனுக்கு இதயத்தில் அடைப்பு. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. டிக்கெட்டை ரத்து செய்யப் போன தம்பியை அண்ணன் திட்டித் தீர்த்தார். “மேட்ச் முடிஞ்சு நீ வந்த பிறகுதானேடா என்னை அறுக்கப் போறாங்க? உன்கிட்ட பேசாம நான் உள்ளே போக மாட்டேன். கிளம்பு.”

அங்கே மைதானத்தில் நம் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர், ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர். வேலை போயும் தோல் பை அவர் தோளை விட்டுப் போகவில்லை. கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நம் ஜோடி ஒன்று நிலைத்துவிட்டால் யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் விக்கெட் விழும். போன் வந்தால் ஆள் எழுந்துவிடுவான் என்பதால் எல்லோருடைய போனும் அந்தப் பைக்குள் போய்விடும்.

கடைசி நாள். கடைசி ஜோடி நின்று ஆடிக்கொண்டிருந்தது. கண்டக்டரின் காலடியில் இருந்த பைக்குள் ‘பாம் பாம்’ என்று ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. அண்ணனின் அழைப்புக்கு மட்டும் டூர் வைத்திருந்த சத்தம்.

“கண்டக்டரண்ணே, என் போனு. அண்ணன் கூப்பிடுறாரு.”

“நடுவுல ஸ்டாப்பிங் கிடையாது டூரு. ஜெயிச்சாலோ தோத்தாலோதான் இறக்கி விடுவேன்.”

“உடம்பு சரியில்லாத மனுஷன்ணே.”

“ஐயா, பாதி எழுந்துட்டீங்க, உட்காருங்க!” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். “அவுட்டானா பாவம் உங்க தலையிலதான்!”

பந்து வீசுகிறவன் ஓடி வரத் தொடங்கியிருந்தான். டூர் உட்கார்ந்தார். ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அண்ணன் ஆட்டத்தைப் பற்றிப் புலம்பத்தான் கூப்பிடுகிறார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். ஹாரன் மறுபடி அடித்தது. பிறகு மறுபடியும். அது ஓய்ந்தபோது அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நம் அணி ஜெயித்தது. யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். டூர் பையிலிருந்து போனைப் பிடுங்கி அண்ணனை அழைத்தார். அண்ணிதான் எடுத்தாள்.

“காலையில திடீர்னு வலி வந்திடுச்சு தம்பி. நாள் பார்க்க முடியாதுன்னு உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

கூட்டம் கலைந்த பிறகும் டூர் அதே நாற்காலியில் இருந்தார். ஜெயிக்க வைத்தவன் தனியாகத் திரும்பி வந்து, பேட்டை ஊன்றி நின்ற இடத்தில் குனிந்து மண்ணைத் தொட்டான். கேமராக்களைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இதை அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் மனதில் ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

அண்ணன் உயிரோடு வெளியே வரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அண்ணி சொன்னாள். “வார்டு டிவில உங்களைக் காட்டினாங்க தம்பி. கொடியை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. இவரு சிரிச்சாரு. ‘போனை வை, அவன் எழுந்திருக்க மாட்டான், ஜோடி நிக்குது’ன்னாரு. நான்தான் விடாம அடிச்சேன். அதுக்குள்ள ஸ்ட்ரெச்சர் வந்திடுச்சு. அவருக்குச் சிரிப்பு வந்துச்சு. எனக்கு வரலை.”

டூர் காலை நகர்த்தாமல் நின்றார்.

பட்டறையைத் திறந்த அன்று, விஷயம் தெரியாத வாடிக்கையாளர் ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“என்ன டூரு, கலக்கிட்டீங்க! நேர்ல பார்க்க எப்படி இருந்துச்சு? சொல்லுங்களேன்!”

டூர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் உட்கார்ந்தார்.

“டிவில பார்த்திருப்பீங்களே சார். அதேதான்.”