மின்மாற்றியும் மேசை விசிறியும்

பழைய மாணவர் கூட்டமொன்றில், எங்கள் குழு விசிறிக் காற்றால் தேறிய குழு என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நடந்ததை உள்ளபடி எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

அது இரண்டாம் உலகப் போர்க்காலம். பம்பாய் மாட்டுங்காவில் மின்பொறியியல் இறுதியாண்டில், மும்மூன்று பேராகச் சேர்ந்து ஒரு சிறு மின்மாற்றியை வடிவமைத்துத் தம் கையாலேயே செய்துமுடிக்க வேண்டும். மதிப்பெண் மூவருக்கும் ஒன்றே. கணக்கு என் பொறுப்பு. கம்பி சுற்றியவன் தாராவியில் குடியிருந்த திருநெல்வேலி நண்பன். தொட்டியும் எண்ணெயும் மராட்டிய நண்பனுடையவை. திருநெல்வேலி நண்பனின் வாப்பா நோயில் படுத்திருந்தார். அவ்வாண்டே தேறினால் மட்டும் ஒரு மில்லின் மின்பிரிவில் அவனுக்கு வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

நான் குறித்த தடிமனில் செம்புக் கம்பி எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்தது மெலிந்த கம்பி. அது கூடுதலாகச் சூடேறும். மறுபடி கணக்கிட்டு, தாங்கும் என்று பேராசிரியரிடம் நானே உறுதி கூறினேன்.

சோதனை எளியது. முழுச் சுமையில் ஓடவிட்டு, எண்ணெயின் வெப்பம் ஏறி ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நிற்குமிடம் வரம்புக்குக் கீழே இருந்தால் தேர்ச்சி. வெளிக்காற்று படக்கூடாது. வரம்பு பார்த்ததும் தெரிய, தன் மாமாவின் தோல் கிடங்கிலிருந்து கொண்டுவந்த, தோல் தைக்கும் சிவப்பு நூலைத் திருநெல்வேலி நண்பன் வெப்பமானியில் கட்டியிருந்தான். சுமைக்காக எரிந்த பல்பு வரிசையால் அறையே கொதித்தது.

மதியம் சாப்பிட்டுத் திரும்பினேன். ஏறிக்கொண்டிருந்த பாதரசம் இறங்கியிருந்தது. தொட்டிக்குப் பின்னால் மேசை விசிறி சுழன்றது.

"யாருடா இதை வச்சது?"

"நாந்தான். நூலத் தொடப் போவுதுவே. பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுதீரா?"

"அரே, ஜானே தோ யார்!" என்றான் மராட்டிய நண்பன், கதவைப் பார்த்துக்கொண்டே. போகட்டும் விடு என்பது அவனுடைய தீர்ப்பு.

"காத்து வாங்கிண்டு ஓடறதுக்கு நான் கணக்கே போட்டிருக்க வேண்டாமே!"

"உம்ம கணக்கு தப்புனா உமக்கு மானந்தான் போவும். எனக்குச் சோறு போவும்வே."

நான் விசிறியை அணைத்தேன். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இடையில் எவ்வளவு குளிர்ந்தாலும், வெப்பம் கடைசியில் வந்து நிற்குமிடம் மாறாது, நேரம்தான் கூடுதலாகும். வெப்ப அளவுகளைக் குறித்துவந்த கரும்பலகையில் இறங்கிய அளவையும் எழுதினேன். அதை அழிக்க மராட்டிய நண்பன் துடைப்பானை எடுத்தான். நான் பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டான்.

பாதரசம் மீண்டும் ஏறத் தொடங்கியது. திருநெல்வேலி நண்பன் சுவரைப் பார்த்தபடி நின்றான். பாதரசம் விட்ட இடத்தை எட்டி, அதையும் தாண்டி, நூலை நோக்கிப் போயிற்று. என் கணக்கை மனத்துக்குள் வரிவரியாகத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

மாலையில் பேராசிரியர் வந்தார். கரும்பலகையை நெடுநேரம் பார்த்தார். நடுவில் ஏன் இறங்கியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் திருநெல்வேலி நண்பன் முந்திக்கொண்டான். விசிறி வைத்தது தான் என்றும், அணைத்தது நான் என்றும் சொன்னான்.

பேராசிரியர் சன்னல்களைத் தம் கையாலேயே சாத்தினார். முக்காலியை வெப்பமானிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாதரசம் இன்னும் சிறிது ஏறியது. பிறகு ஏறவில்லை. அடுத்த முறை பார்த்தபோதும் அங்கேயே இருந்தது, அதற்கடுத்த முறையும். நூலுக்கும் அதற்கும் இடையே ஒரு நகக்கண் அகலம்.

"தேறியது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார். மராட்டிய நண்பன் என்னைக் கட்டிக்கொண்டான். மற்றவன் நூலை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நின்னுட்டு, சரி. நிக்காட்டா எங்க வாப்பாட்ட என்னவே சொல்லியிருப்பீரு?"

நான் சுமைப் பல்புகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினேன்.

அந்த மில்லில் அவன் சேர்ந்தான். பிற்காலத்தில் ரயிலில் கண்டால் குடும்ப நலம் விசாரித்துக்கொள்வோம். விசிறி ஓடியது உண்மை. தேறியபோது ஓடவில்லை என்பதும் உண்மை. இன்று அந்த அறையில் நின்றாலும் அதை அணைப்பேன். அந்நாளுக்குப் பின் அவன் என்னோடு காபி குடிக்க வந்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதுமில்லை.