படம் பிடித்தவள்

நான் சிங்கப்பூர்கூடப் போனதில்லை. என் பின்புறமோ உலகத்தையே சுற்றி வந்துவிட்டது. பேர் தெரியாத ஊர்களில், பாஷை தெரியாத மனிதர்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தேயிலை மூட்டைமேல் உட்கார்ந்து ஒருவன் மலைச்சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறான். மேலிருந்து எடுத்த படம் என்பதால் முகம் தெரியாது, அந்த மட்டும் நல்லது. கடைசியில் ஒரு தேயிலைச் செடிக்குள் தலைகீழாகப் போய்ச் சொருகிக்கொள்கிறான். இரண்டு ரப்பர் பூட்ஸ் மட்டும் வெளியே நிற்கும். அவை என்னுடையவை.

சாகசம், விபத்து, வெள்ளம், மண்சரிவு என்று யாராவது எங்காவது பிடித்த படங்களைச் சேர்த்து, அவற்றுக்குப் பின்னால் உள்ள அறிவியலைச் சொல்லும் காணொளிகள் வருகின்றன அல்லவா, அப்படி ஒன்றில் நான் இருக்கிறேன். எரிமலைக்குப் பிறகு, கார்களைத் தாண்டிக் குதிக்கும் மோட்டார் சைக்கிள்காரனுக்கு முன்பு. என்மேல் மஞ்சள் அம்புகள் போட்டிருக்கிறார்கள். அசையாமல் கிடக்கும் பொருளைத் தரை கெட்டியாகப் பிடித்திருக்குமாம். ஒருமுறை நகர்ந்துவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடுமாம். அதனால்தான் முதலில் கிளம்ப மறுத்த மூட்டை, கிளம்பிய பிறகு நிற்க மறுத்தது. தேயிலைச் செடி ஒடியாமல் வளைந்து கொடுத்ததால் நான் ஒரேயடியாக நிற்காமல், கொஞ்சம் கொஞ்சமாக நின்றேனாம். அதனால்தான் கழுத்து தப்பியது. நான் பிழைத்ததற்கும் என் புத்திக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இவ்வளவு நாகரிகமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எல்லாம் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அதை எடுத்துவிட்டு மேளமும் வயலினும் போட்டிருந்தார்கள்.

அந்தப் படத்தைப் பிடித்தவள் என் மனைவி. அவள் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. காய்ச்சல் என்று மலையடிவாரத்துத் தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்கிப் போனவள் மேலே ஏறி வரவில்லை. வீட்டில் அவள் படம் இருக்கிறது, சேலைகள் இருக்கின்றன, பாதி தீர்ந்த தைலப் புட்டிகூட இருக்கிறது. குரல் இல்லை. அவள் எதையும் பதிந்து அனுப்புகிறவள் அல்ல. பேச வேண்டியதைத் தோட்டத்து லயம் முழுக்கக் கேட்கும்படி நேரடியாகவே பேசிவிடுவாள்.

இந்த வகைக் காணொளிகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவோம். எங்கோ ஒரு பழைய புகைபோக்கியை வெடி வைத்துச் சாய்ப்பதைத் தூரத்திலிருந்து பிடித்திருந்தார்கள். புகை முதலில் வந்தது, சத்தம் பிறகுதான் வந்தது. ஒளி உடனே வந்துவிடும், சத்தம் காற்றில் மெல்ல வரவேண்டும் என்று நான் பெரிய வாத்தியார் மாதிரி விளக்கினேன்.

"பாவம், சத்தத்துக்கு மூட்டு வலி போல" என்றாள்.

அவளுக்கு அறிவியலில் ஒரே ஒரு சந்தேகம்தான். எந்தப் படமாக இருந்தாலும் அதையே கேட்பாள். வெள்ளத்தில் கார் அடித்துக்கொண்டு போகும், கூரைமேல் இருந்து ஒருவன் விழுவான். இவள் திரையைப் பார்த்துத் திட்டுவாள்.

"படம் புடிக்கிறவன் என்னா பண்றான்? கையில ஹெண்ட்போன வச்சிகிட்டு நிக்கிறான் பாருங்க, மரம் மாதிரி. கீழ போட்டுட்டு ஓடிப் போய்த் தூக்க வேணாம்?"

"அவன் தூக்கப் போயிட்டா நமக்கு யாரு காட்டுவா?"

"காட்டாட்டி போவுது. ஒங்களுக்கு விழறவன மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்."

நாங்கள் இருவரும் தோட்டத்தில் தேயிலை வெட்டும் ஒரே மிசினில் வேலை செய்தோம். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, செடி வரிசையை நடுவில் விட்டு நடக்கவேண்டும். பின்னால் பை இழுபட்டு வரும். நடை ஒத்துப் போகாவிட்டால் வெட்டு கோணலாகிவிடும், கங்காணி கத்துவார். அவளுக்கும் எனக்கும் ஒத்துப் போயிற்று. நான் நன்றாக நடந்தேன் என்று அர்த்தமில்லை. அவள் இழுத்தாள், நான் போனேன், அவ்வளவுதான். இப்போது என் எதிர்ப்பக்கம் ஒரு நேப்பாளத்துத் தம்பி. நல்ல பிள்ளை, கால் நீளம். நான் அவன் பின்னால் ஓடுகிறேன்.

சரிவான இடங்களில் மூட்டையைக் கட்டி, வரிசைகளுக்கு நடுவே உள்ள சந்தில் தள்ளிவிடுவோம். அது தானாகவே கீழே லோரி ரோட்டுக்குப் போய்ச் சேரும். மழை விட்ட ஒரு நாள், கடைசி மூட்டை. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் பனிமலையில் சறுக்கும் சாகசக்காரனைப் பார்த்திருந்தோம்.

"அதுல ஒண்ணும் இல்ல" என்றேன். "எல்லாம் சயின்ஸ்தான்."

"அப்டியா? செஞ்சு காட்டுங்களேன் சார்."

அந்த 'சார்' என்னைக் கெடுத்தது. மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தேன். அது நகரவில்லை. கோழி அடைகாப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தபடி அவள் கைப்பேசியை எடுத்தாள். நான் இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததை உலகம் அறியும்.

செடிக்குள் எனக்கு இலை தவிர எதுவும் தெரியவில்லை, காதில் காற்று இரைந்த இரைச்சல் தவிர எதுவும் கேட்கவில்லை. யாரோ என் பூட்ஸைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே வந்து பார்த்தால், மேலே நின்றவள் மூச்சு வாங்கப் பக்கத்தில் நிற்கிறாள். "உசுரு இருக்கா? அப்ப எந்திரிங்க, லோரி வருது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று ராத்திரி அவளுடைய தம்பி வந்து, அந்தப் படத்தைத் தன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அப்படித்தான் அது ஊரைவிட்டுப் போனது. ஆனால் வீட்டில் எனக்குக் காட்டும்போது மட்டும் அவள் சத்தத்தை மூடிவிடுவாள்.

"சத்தத்த வையேன்."

"சத்தம் எதுக்கு? ஒங்க அழகே போதும்."

"நீ விழுந்து விழுந்து சிரிச்சிருப்ப. புருசன் செத்தானா இருக்கானான்னு பாக்காம சிரிச்சிருப்ப. அதான் மூடுற."

"ஆமா, சிரிச்சேன். அதுக்கென்ன இப்ப?"

அவள் போன பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்ததுதான், பரவாயில்லை, அதுவாவது கேட்கட்டும் என்று இருந்தது. அவளுடைய கைப்பேசி உயிரைவிட்டிருந்தது. பிரிஞ்சாங் டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். சீனத்துப் பையன் திறந்து பார்த்து, ஒரு தூரிகையால் உள்ளே இருந்த செம்மண்ணைத் தட்டினான். "சூடா மாத்தி லா, அங்கிள்" என்றான். செத்துப்போச்சு என்று மலாயில் சொல்வது அப்படித்தான். கைப்பேசியைத்தான் சொன்னான். நான் வெளியே வந்து கொஞ்ச நேரம் ஸ்ட்ராபெரி விற்கிறவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சத்தத்தோடு இருக்கிறதா என்று மஞ்சள் அம்பு போட்டவர்களுக்கும் எழுதினேன். கட்டைவிரல் தூக்கிய ஒரு பொம்மைப் படம் பதிலாக வந்தது. மச்சானை, அதுதான் அவளுடைய தம்பியை, கேட்டேன். "என்கிட்ட இருக்கிறதுலயும் சத்தம் இல்ல மாமா" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், எப்போதும் ரோட்டைத்தான் பார்ப்பான். நான் சந்தேகப்படவில்லை.

போன மழையில், ஒரு வேலையாக அவன் லோரியில் ரிங்லெட்டுக்கு இறங்கினேன். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. மலை ஓரம் சரிந்து ரோட்டில் வழிந்திருந்தது. இதற்கும் அம்பு போட்டு விளக்கியிருக்கிறார்கள்: மண்ணில் தண்ணீர் நிறைந்ததும் ஒரு துகள்மேல் இன்னொரு துகள் சாய்ந்து நிற்க முடியாமல் போய்விடும், தண்ணீர் அவற்றை விலக்கிவிடும், நின்ற மலை கஞ்சி மாதிரி நடக்க ஆரம்பிக்கும். நாங்கள் பார்த்தபோது ஒரு வேன் முழங்கால் சேற்றில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் சன்னல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் கைகள் மேலே உயர்ந்திருந்தன, எல்லாக் கையிலும் கைப்பேசி.

"படம் புடிக்கிறவனுங்க என்னா பண்றானுங்க?" என்று என் வாய் தானாகச் சொன்னது. "கீழ போட்டுட்டுப் போய்த் தூக்க வேணாம்?"

இரண்டு பேரும் இறங்கினோம். ஒரு பாட்டியையும் ஒரு வாளி மீனையும் தூக்கிக் கரை சேர்த்தோம். மீன் வாளிதான் கனம். திரும்பி லோரியில் ஏறி உட்கார்ந்ததும் மச்சான் சேற்றுக் கையைத் துடைக்காமலே இருந்தான்.

"அக்கா மாதிரியே பேசுறீங்க மாமா."

"பழக்கம் லா."

"ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது." அவன் டேஷ்போர்டைத் திறந்து, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய கைப்பேசியை எடுத்து சார்ஜர் வயரைச் சொருகினான். "அன்னிக்கு அக்காதான் சத்தத்த எடுத்துட்டு, வாலையும் வெட்டிட்டு அனுப்புடான்னுச்சு. முழுசா என்கிட்ட இருக்கு. மாமாகிட்ட காட்டினா செருப்பு பிய்யும்னு சத்தியம் வாங்கிடுச்சு."

"இத்தன நாளா வச்சிருந்தியாடா?"

"சத்தியம் மாமா. நான் என்னா பண்றது?"

அது உயிர்பெறும்வரை மழை கண்ணாடியில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவன் தொட்டான்.

சிரிப்பு இருந்தது. கோழி அடைகாக்குது என்று சொல்லிச் சிரிக்கும் அவளுடைய சிரிப்பு, பக்கத்தில், காதுக்குள். மூட்டை கிளம்பியதும் அது நின்றுவிட்டது. கீழே நான் செடிக்குள் போய்ச் சொருகுவது தெரிந்தது. விழுந்த சத்தம் இன்னும் வரவில்லை, அது காற்றில் வந்துகொண்டிருந்தது. அந்தக் கண் சிமிட்டும் இடைவெளியில், சத்தம் அவளை எட்டுவதற்குள், அவள் கத்தினாள்.

என் பெயரைச் சொல்லி.

கல்யாணமான நாள் முதல் அவள் என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டாள். கோயில் அர்ச்சனைக்கு என் பெயரைக் கேட்டால்கூட என்னை இடித்துச் சொல்லச் சொல்வாள். அந்தப் பெயர், மரியாதை ஒட்டு எதுவும் இல்லாமல், பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிடுவது போல். பிறகுதான் 'தொப்' என்ற சத்தம் வந்தது. பிறகு படம் கவிழ்ந்தது. வானம், செடி, செம்மண், இருட்டு. கைப்பேசியைக் கீழே போட்டுவிட்டாள். இருட்டுக்குள் அவளுடைய பூட்ஸ் சரிவில் ஓடி இறங்கும் சத்தமும், தூரமாகப் போகப் போக மறுபடி மறுபடி என் பெயரும்.

"ம், இந்தா வந்துட்டேன்" என்றேன்.

"என்னா மாமா?"

"ஒன்ன இல்லடா. முன்னாடி வண்டி நவுருது பாரு, லோரிய எடு."