குறுக்குத்துறையில் கட்டிய வேட்டி

காலை 5.50. திருநெல்வேலி சந்திப்பில் இறங்கியபோது என்னிடம் இரண்டு வைத்தியங்கள் இருந்தன. ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் சொன்னது: தினமும் ஓரிடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, செல்பேசியில் ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். இரண்டாவது கூடாது. சென்னையில் எட்டு மாதமாகப் பேருந்து நிறுத்தம், மீன்கடை, ரேஷன் வரிசை என்று எடுத்துவருகிறேன். மற்றது, ஏழரைச் சனிக்கு ஜோசியர் சொன்னது: தாமிரபரணியில் முழுகி, உடுத்திய வேட்டியை ஆற்றோடு விட வேண்டும். மனைவி பழைய வேட்டி ஒன்றைப் பையில் வைத்து அனுப்பியிருந்தாள்.

6.10. தாமிரபரணிப் படித்துறையான குறுக்குத்துறைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். போகிற வழியில் டாக்டரின் வைத்தியத்தைச் சொன்னேன்.

"ஒரு படத்துக்கு அரை மணி நேரமா அண்ணாச்சி?" என்றார் ஓட்டுநர். "அதுக்குள்ள இங்கன கல்யாணத்தையே எடுத்து முடிச்சிருவாவ."

6.25. வேட்டியைக் கட்டிக்கொண்டு கடைசிப் படியில், கால்களை நீரில் விட்டு உட்கார்ந்தேன். எதிரே ஆற்றுக்குள் கல்மண்டபம். தூண்களில் வெயில் இறங்கக் காத்திருந்தேன். பத்து நிமிடத்தில் மனம் அடங்கியது. அப்போது ஏதோ என் கணுக்காலைச் சுற்றி இழுத்தது.

"முதலை" என்று அலறிக்கொண்டு ஐந்து படி ஏறிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதுக் கால்களில் அந்த வேகம் இத்தனை நாள் எங்கே இருந்ததோ.

இடுப்பளவு நீரில் நின்ற ஒருவர் கொக்கிக் கம்பால் முதலையைத் தூக்கிக் காட்டினார். ஊதாச் சேலை.

"கடிச்சிட்டா சார்? சேலைக்குப் பல்லு கெடையாதே."

பெயர் சுடலைமுத்து. கரையில் அரை ஏக்கர் வாழை. ஆற்றில் கிடக்கும் மோட்டார் குழாயின் வாயைத் துணி அடைத்து, மூன்று நாளாகத் தண்ணீர் ஏறவில்லை. குலை தள்ளும் நேரம்.

"தோஷம் போவணும்னு வாராவ, உடுத்தினத அவுத்து விட்டுட்டுப் போயிருதாவ. தோஷம் எங்கயும் போவல. எங்குழாய்க்குள்ளதான் வருது."

அவர் எடுத்துப் போட்ட குவியல் முழங்கால் உயரம் இருந்தது.

எனக்குக் கொதித்தது. குடிக்கிற தண்ணீரில் உள்பாவாடையை விடச் சொல்லி எந்தக் கிரகம் கேட்டது? தன் பாவத்தைத் தொலைக்க அடுத்தவன் வாழையைக் காயப்போடுகிறவனுக்குப் புண்ணியம் எந்தக் கடையில் கிடைக்கும்? ஐந்து நிமிடம் பொரிந்தேன். டாக்டர் பார்த்திருந்தால் மாத்திரையைக் கூட்டியிருப்பார்.

சுடலைமுத்து பொறுமையாகக் கேட்டுவிட்டு என் இடுப்பைப் பார்த்தார்.

"நல்லாச் சொன்னிய. நீங்க கட்டியிருக்கது ஊருக்குத் திரும்பிப் போவுதா, இங்கனயே கெடக்கப் போவுதா?"

"ஜோசியர் சொன்னார்" என்றேன். அந்தக் குரலை எனக்கே பிடிக்கவில்லை.

"எல்லாவனுக்கும் ஒரு ஜோசியர் சொல்லுதாருல்லா."

அதற்கு மேல் படியில் நிற்க முடியவில்லை. இறங்கிக் கம்பின் மறுமுனையைப் பிடித்தேன். குழாயின் வாயிலிருந்து நாலு வேட்டியும் ஒரு குழந்தைச் சட்டையும் வந்தன. 7.40க்கு அவர் கரையேறி மோட்டாரைப் போட்டார். குழாய் இருமியது, பிறகு வாழைக்குள் தண்ணீர் பாய்ந்தது.

கால்சட்டைக்கு மாறி, வேட்டியைப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டேன். மண்டபத் தூண்களில் வெயில் அற்புதமாக இறங்கியிருந்தது. இருப்பதோ ஒரு படம். துணிக் குவியலை எடுத்தேன்.

8.15. திரும்பும் ஆட்டோவில் மனைவி அழைத்தாள்.

"விட்டாச்சா?"

"இல்ல. வேட்டியும் வருது, சனியும் வருது. கொடியில இடம் பண்ணி வை."

படத்தின் ஓரத்தில் என் ஈர வேட்டியின் நுனியும் விழுந்திருந்தது. வெட்டிவிட ஒரு நொடி போதும். கையே வரவில்லை.